எண்பத்து மூன்று நாள் காசு

அந்தச் சக்கரவர்த்தி சிம்மாசனத்தில் இருந்தது மொத்தம் எண்பத்து மூன்று நாள். ஷூஜென் வீட்டில் இருந்தது பதினெட்டு வருஷம். இதை அவள் தன் கணவர் போசியனிடம் எத்தனையோ தடவை சொல்லிக் காட்டியிருக்கிறாள். போசியன் சிரித்துக்கொண்டே வெள்ளிக்காசை விளிம்பில் பிடித்துத் தூக்கி, வாயருகே கொண்டுபோய் ஒரு ஊது ஊதி, காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார்.

தியென்ஜின் நகரத்தில் பழங்காசு சேர்க்கிற பைத்தியங்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. மற்றவர்கள் ஆயிரம் வருஷத்துச் செப்புக்காசுக்கு அலைந்தார்கள். போசியனுக்கு அதிலெல்லாம் ஆசை கிடையாது. நாட்டுத் தலைவனாக இருந்தது போதாதென்று தனக்குத் தானே முடிசூட்டிக்கொண்டு, மூன்று மாதம்கூடத் தாக்குப்பிடிக்காமல் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறில் இறங்கி ஓடிய ஒரே ஒரு மனிதனின் காசுதான் வேண்டும் அவருக்கு. ஒரு பக்கம் சேவல் கொண்டை மாதிரி தலையில் இறகு வைத்த தொப்பியோடு அந்த ஆள். மறுபக்கம் சிறகு விரித்த நாகம், அதைச் சுற்றிப் பேரரசு என்கிற எழுத்து. நாள் குறைவு என்பதால் காசும் குறைவு. கிடைக்காததைத் தேடுவதில்தான் ருசி என்பார். கடிகாரம் பழுது பார்க்கிறவர் அல்லவா, நகக்கண் அளவு வித்தியாசத்துக்கு உயிரை விடுவார்.

சாதாரண வெள்ளிக்காசுகளை எல்லாம் அரசாங்கம் கேட்டபோது வங்கியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். இந்த ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை. சுவர்க்கடிகாரத்துக்குள், பெண்டுலத்துக்குப் பின்னால், பஞ்சில் சுற்றி வைத்திருந்தார்.

காசு வந்த கதையும் அந்த முற்றத்துக்குள்தான். எட்டுக் குடித்தனம் ஒண்டியிருக்கும் அந்த முற்றத்தின் கடைசி அறையில் பாங் என்று ஒருவர். இப்போது கைவண்டி இழுக்கிறார். நாற்பத்தெட்டாம் வருஷம் தெருமுனையில் நின்று வெள்ளிக்காசு மாற்றிக் கொடுத்தவர். அந்த வருஷம் காகிதப்பணம் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. சம்பளம் வாங்கியவன் வீட்டுக்குப் போகாமல் முதலில் தெருமுனைக்கு ஓடி, பணத்தைக் கொடுத்து வெள்ளியாக மாற்றிக்கொள்வான். ஊதினால் நல்ல வெள்ளி ரீங்கரிக்கும்; ஊரே ஊதிப் பார்த்துக் காதில் வைத்துத்தான் வாங்கும். கூலிக்காரன், துணி துவைக்கிறவள், பள்ளிக்கூட வாத்தியார் என்று அந்த வருஷத்தைக் கடந்து வந்த ஒவ்வொரு காதுக்கும் நல்ல வெள்ளியின் சத்தம் தெரியும். உள்நாட்டுப் போரில் நகரம் முற்றுகையில் கிடந்த பனிக்காலத்தில் பாங்கின் குழந்தைகள் பசியில் துவண்டு கிடந்தன. பாங் இறகுத்தொப்பிக் காசைக் கொண்டுவந்து நீட்ட, போசியன் ஒரு மூட்டை மாவைத் தூக்கிக் கொடுத்தார். குழந்தைகள் பிழைத்துக்கொண்டன. ஐந்து வருஷம் கழித்து, அந்தக் காசுக்குச் சேகரிப்பவர்கள் என்ன விலை கொடுப்பார்கள் என்று யாரோ பாங்கின் காதில் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து பாங் இந்த வீட்டோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். குழாயடியில் எதிரே வந்தால்கூட வாளியைப் பார்த்துக்கொண்டு போவார்.

இதெல்லாம் பழைய கதை. அறுபத்தாறாம் வருஷத்து ஆகஸ்டில் ஷூஜெனுக்கு இருந்தது ஒரே ஒரு பயம்.

சிவப்புக் கைப்பட்டை கட்டிய மாணவர்கள் டமாரம் அடித்துக்கொண்டு சந்து சந்தாக வந்தார்கள். பழைய காலத்துப் பொருள் எது இருந்தாலும் குற்றம்; அதிலும் ராஜாவின் முகம் போட்ட பொருளை ஒளித்து வைத்திருப்பவன் பழைய ஆட்சி திரும்பி வருமென்று காத்திருக்கிறவன். மூன்றாவது சந்தில் பல் வைத்தியர் வீட்டில் ஒரு புகைப்படம் அகப்பட்டது. பழைய ராணுவ உடுப்பில் அவருடைய மாமா நிற்கிற படம், அவ்வளவுதான். காலையில் அகப்பட்டது. சாயங்காலம் அவரைத் தள்ளுவண்டியில் பாய் போட்டு மூடி எடுத்துப் போனதை ஷூஜென் கண்ணால் பார்த்தாள். பாய்க்கு வெளியே ஒரு கால் நீட்டிக்கொண்டிருந்தது. அதில் செருப்பு இல்லை.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மகள் சியாவ்மானுக்குப் பதினாறு வயது. அவளும் கைப்பட்டை கட்டிக்கொண்டு ஊரின் மறுபக்கம் யார் வீட்டையோ புரட்டப் போயிருந்தாள். தன் வீட்டுச் சுவர்க்கடிகாரத்துக்குள் என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் என்ன செய்வாள் என்பது ஷூஜெனுக்குத் தெரியாது. பெற்ற பெண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டியிருக்கிறதே என்று நினைக்கும்போது அவமானமாகவும் இருந்தது.

மூன்று நாளாகக் கணவரிடம் கெஞ்சினாள். உருக்கிவிடலாம் என்றாள், ஆற்றில் போட்டுவிடலாம் என்றாள். போசியன் நாளைக்கு ஆகட்டும், நாளைக்கு ஆகட்டும் என்றார். கடைசியாகக் கேட்டபோது வேறு ஒன்று சொன்னார்.

"அந்தாளை ஊரே காறித் துப்பிடுச்சு, ஷூஜென். நான் கும்பிடவா வெச்சிருக்கேன்? வேடிக்கை பார்க்க வெச்சிருக்கேன்."

"பல் வைத்தியரும் வேடிக்கைக்குத்தான் வெச்சிருந்தார்" என்றாள் அவள்.

போசியன் சந்து முனையில் இருந்த கூட்டுறவுக் கடிகாரக் கடைக்குக் கிளம்பிப் போய்விட்டார். மதியம் முற்றம் அடங்கியிருந்த நேரம் பார்த்து ஷூஜென் நாற்காலி போட்டு ஏறினாள். கடிகாரத்தைத் திறந்து பஞ்சைப் பிரித்தாள். காசு சில்லென்று கையில் விழுந்தது. துணிப்பைக்குள் போட்டு, மேலே அவரைக்காய்த் தோலைக் கொட்டி, ஆற்றுப் பாலத்துக்கு நடந்தாள். கொஞ்ச நாளாக ஊரில் பாதிப் பேர் நகையையும் தங்கத்தையும் ஆற்றில்தான் போட்டார்கள் என்று கேள்வி. பகலில் குப்பை கொட்டப் போகிறவளை யார் பார்க்கப் போகிறார்கள் என்பது அவள் எண்ணம்.

பாலத்து வாசலில் கைப்பட்டைகள் நின்றன. ஒவ்வொரு பையாகத் திறந்து பார்த்தார்கள். அவளுக்கு நாலு பேர் முன்னால் நின்ற ஒரு கிழவியின் சோள ரொட்டியைப் பிய்த்துப் பார்த்தார்கள். ரொட்டிக்குள் ஒரு மோதிரம் இருந்தது. கிழவி ஒன்றும் சொல்லவில்லை, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஷூஜென் ஏதோ மறந்துவிட்டவளைப் போல நெற்றியில் தட்டிக்கொண்டு திரும்பினாள். பின்னாலிருந்து யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் ஒவ்வொரு அடிக்கும் யாரோ கூப்பிடுவதாகவே கேட்டது. அந்த ஒரு காசு பைக்குள் அம்மிக்கல்லாகக் கனத்தது.

வீட்டு வாசலுக்கு இருபது அடி இருக்கும்போது பின்னால் டமாரம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். அவர்கள் இவள் சந்துக்குள்தான் திரும்பினார்கள்.

முற்றத்து வாசலை ஒட்டி முதல் அறை ஹான் அக்காவுடையது. ரிக்‌ஷா இழுத்தவரின் விதவை. தீப்பெட்டி ஒட்டிப் பிழைக்கிறவள். அவள் ஜன்னலுக்குக் கீழே கரி உருண்டைகள் குவிந்திருந்தன. ஷூஜென் குனிந்தாள். கையைக் கரிக்குள் முழங்கை வரை விட்டாள். வெளியே எடுத்தபோது கை காலியாக இருந்தது. ரிக்‌ஷாக்காரர் வீட்டில் யார் எதைத் தேடப் போகிறார்கள், அவர்கள் போனதும் எடுத்துக்கொள்ளலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு உள்ளே ஓடினாள். குழாயடியில் கையைக் கழுவினாள். கரி போய்விட்டது.

வந்தவர்கள் பன்னிரண்டு பேர். தலைவி ஒரு பெண். ராணுவத் தொப்பி, இரட்டைப் பின்னல், கையில் தோல் பெல்ட். சியாவ்மான் வயதுதான் இருக்கும். எட்டுக் குடித்தனத்தையும் முற்றத்தில் வரிசையாக நிறுத்தினாள். உள்ளே நுழைந்த ஒருவன் வழியை அடைத்த கரிக்குவியலை எட்டி உதைத்தான். வேண்டுமென்று உதைக்கவில்லை. உருண்டைகள் சிதறின. நடுவில் காசு வெயிலில் பளிச்சென்று கிடந்தது.

ஷூஜென் கழுவிய கையைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

தலைவி காசை எடுத்துத் துடைத்தாள். எழுத்தை ஒவ்வொன்றாக வாசித்தாள். பேரரசு என்ற சொல் வந்ததும் முகம் மாறியது. இது யாருடைய கரி என்று கேட்டாள். யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஹான் அக்காவே முன்னால் வந்துவிட்டாள். அறுபத்திரண்டு வயசு, குட்டையான உருவம், விரலெல்லாம் பசை காய்ந்து வெள்ளையாக இருந்தது. ரிக்‌ஷாக்காரன் பெண்டாட்டிக்கு இது ஏது, எந்த ஜமீன்தார் ஒளித்து வைக்கக் கொடுத்தான், பேரைச் சொல் என்றார்கள். தெரியாது என்றாள் ஹான் அக்கா. முட்டி போடச் சொன்னார்கள். போட்டாள். மறுபடி கேட்டார்கள். தெரியாது என்றாள். பெல்ட் விழுந்தது.

ஷூஜென் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை போதும். என்னுடையது என்று ஒரு வார்த்தை. பாய்க்கு வெளியே நீட்டிய அந்தக் கால் மட்டுமே கண்ணில் நின்றது. நான் போனால் இவர் போவார், இவர் போனால் குழந்தை போவாள் என்று மனசுக்குள் நியாயம் தேடினாள். அந்த நியாயத்தின் கீழே வெறும் பயம்தான் இருந்தது. அது அவளுக்கே தெரிந்தது.

மூன்றாவது அடிக்குப் பிறகு ஒருவன் கத்தரிக்கோல் எடுத்து வந்தான். ஹான் அக்காவின் தலையில் வலது பாதியை மட்டும் ஒட்ட வெட்டினார்கள். நரைத்த மயிர் கரிமேல் விழுந்தது. ஹான் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள், அவ்வளவுதான்.

தலைவிக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. இது நிஜ வெள்ளியா என்று கேட்டாள். வெள்ளியென்றால் இது பணக்காரன் பெட்டியிலிருந்து வந்தது; இவளை அழைத்துப் போய் அந்தப் பேரை வாங்கியே ஆக வேண்டும். அழைத்துப் போனவர்கள் எப்படித் திரும்பி வந்தார்கள் என்பதை முற்றத்தில் எல்லோரும் அறிவார்கள். உலோகம் தெரிந்தவர் யார் என்று கேட்டதும், குடியிருப்புக் குழுவின் பெண் ஒருத்தி, நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, சந்து முனையில் கடிகாரக்காரர் இருக்கிறாரே என்றாள்.

போசியனைக் கூட்டி வந்தார்கள். பூதக்கண்ணாடி இன்னும் நெற்றியில் இருந்தது. முட்டி போட்டிருந்த ஹான் அக்காவைப் பார்த்தார், தலைவியின் கையைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. ஷூஜென் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. திரும்பாததிலிருந்தே அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டதென்று அவளுக்குத் தெரிந்தது.

காசை அவர் கையில் கொடுத்தார்கள். அங்கேதான் ஒரு தப்பு நடந்தது. இரண்டு விரல் நுனியால் விளிம்பை மட்டும் பிடித்தார். சேகரிப்பவர்கள் அப்படித்தான் பிடிப்பார்கள். முகத்தில் விரல் பட்டால் பாழாகிவிடும் என்று பதினெட்டு வருஷப் பழக்கம். முன்பின் தெரியாத ஒரு காசை எவனும் அப்படித் தொடமாட்டான். போதாததற்குக் கை தானாக வாயை நோக்கி எழுந்தது. உதடு குவிந்தது. எதிர் வரிசையில் பாங் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பதை ஷூஜென் கவனித்தாள். செத்தோம் என்று நினைத்தாள்.

போசியன் ஊதினார். கரித்தூள் பறந்தது. காதுக்குக் கொண்டுபோகவில்லை. கட்டைவிரலைச் சக்கரவர்த்தியின் முகத்தில் அழுத்தி வைத்துத் தேய்த்தார். பதினெட்டு வருஷத்தில் அந்த முகத்தில் அவர் விரல் பட்டது அன்றுதான்.

"இது சாவுக்காசு, தோழர். தகரம்" என்றார். "செத்தவங்க வாயில வைக்கிறது. வெள்ளி வைக்க வக்கில்லாதவங்களுக்குச் சவப்பெட்டிக் கடையில இதைத்தான் கொடுப்பாங்க."

"ராஜா மூஞ்சி எதுக்கு?"

"கடைக்காரனுக்குக் கிடைச்ச அச்சு அதுதான். பொணம் எந்த ராஜான்னா பார்க்குது?"

பின்னால் நின்ற ஒரு மாணவன் சிரித்துவிட்டான். தலைவி சிரிக்கவில்லை. ஹான் அக்காவின் முகவாயை பெல்ட்டால் நிமிர்த்தி, அப்படியா என்று கேட்டாள். ஹான் அக்காவுக்கு இந்தப் பொய் புரிய வேண்டுமே, பிடித்துக்கொள்ள வேண்டுமே என்று ஷூஜென் வேண்டிக்கொண்டாள்.

"ஆமா" என்றாள் ஹான் அக்கா. "அவர் செத்தப்ப ரெண்டு கொடுத்தாங்க. ஒண்ணு அவரோட போச்சு. இன்னொண்ணு எனக்குன்னு வெச்சிருந்தேன். நீங்க வர்றீங்கன்னதும் பயந்துபோய்க் கரியில பொதைச்சேன்."

மூடநம்பிக்கை என்று தலைவி திட்டினாள். ஆனால் குரலில் பழைய சூடு இல்லை. எல்லாம் முடிந்துவிடும் போலிருந்தது. அப்போது அவளுக்கு வீட்டில் கேட்டது ஞாபகம் வந்தது. வெள்ளி சத்தம் போடும் என்று அப்பா சொல்லியிருக்கிறார் என்றாள். காசைத் தலைக்கு மேல் தூக்கிக் குழாயடிக் கல்லின் மேல் போட்டாள்.

அந்தச் சத்தத்தை என்னவென்று சொல்வது? கல்லில் பட்டதும் மணியாக எழும்பி, மெலிந்து, மெலிந்தும் அறுந்துபோகாமல் முற்றத்தைச் சுற்றி வந்தது. தகரத்துக்கு அப்படி ஒரு சத்தத்தைக் கனவில்கூடப் போடத் தெரியாது. நாற்பது வயதைத் தாண்டிய பதினாலு பேர் அங்கே நின்றார்கள். பதினாலு பேர் காதுக்கும் அது தெரியும். இந்தச் சத்தத்துக்காகச் சம்பளத்தைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு ஓடிய காதுகள் அவை. ஷூஜென் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். துணி துவைக்கிற அம்மா வாளியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாத்தியார் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழுப்பெண் மட்டும் வாயைத் திறந்து, மறுபடி மூடிக்கொண்டாள்.

இந்தப் பிள்ளைகள் பிறந்ததே அந்தச் சத்தம் தெருவிலிருந்து போன பிறகு. அவர்களுக்கு எது வெள்ளி, எது தகரம் என்று காதில் கேட்டுச் சொல்லத் தெரியாது. தலைவி வரிசையைச் சுற்றிப் பார்த்தாள்.

"இது வெள்ளிச் சத்தமா? யாராவது சொல்லுங்க."

யாரும் சொல்லவில்லை. அவள் நடந்து வந்து பாங்கின் முன்னால் நின்றாள். எத்தனையோ பேர் இருக்க, அவரிடமா போய் நிற்க வேண்டும்? நீ வயசானவன், நீ சொல் என்றாள்.

பாங்குக்குக் காசையும் தெரியும், அது எந்த வீட்டில் இருந்ததென்றும் தெரியும். பதின்மூன்று வருஷக் கோபத்தை ஒரே வார்த்தையில் தீர்த்துக்கொள்ளலாம். வெள்ளி என்றால் ஹான் அக்கா போவாள், பொய் சொன்ன போசியன் போவார், பிறகு ஷூஜென். பாங் அவசரப்படாமல் காசை வாங்கினார். புரட்டினார். இறகுத்தொப்பியைப் பார்த்தார். வெள்ளியைப் பற்றி நிறையத் தெரியும் என்று காட்டிக்கொண்டால், எப்படித் தெரியும் என்பது அடுத்த கேள்வி. தெருமுனையில் நின்றது வெளியே வந்தால் அவருக்கும் அதே முட்டிதான்.

பிறகு போசியனை நேருக்கு நேராகப் பார்த்தார்.

"தகரம்தான்" என்றார். "ஒரு மூட்டை மாவுக்குக்கூடப் பெறாது."

போசியன் தலையைக் குனிந்துகொண்டார். அவர் காது மடல் சிவந்துவிட்டது.

அப்படியென்றால் உடை என்றாள் தலைவி. கரி உடைக்கிற சுத்தியலை எடுத்து போசியன் கையில் கொடுத்தாள். அவர் குழாயடிக் கல்லின் மேல் காசை வைத்தார், நாகம் மேலே இருக்கும்படி. ஷூஜெனுக்கு அவர் மறுத்துவிடுவாரோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. முதல் அடியில் அது மறுபடி பாடியது. இரண்டாவது அடியிலும். போசியன் பல்லைக் கடித்துக்கொண்டு அவசர அவசரமாக அடித்தார். பழைய காசை உடைக்கிற கோபம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டு கை தட்டினார்கள். அந்தச் சத்தத்தை வாயடைக்கத்தான் அடிக்கிறார் என்று முற்றத்துக்குத் தெரியும். ஐந்தாவது அடியில் சத்தம் செத்தது. அதற்குப் பிறகும் நாலு அடி அடித்தார்.

தலைவி நசுங்கிய துண்டைக் காலால் கரிமேல் தள்ளிவிட்டாள். மற்ற அறைகளை அரை மணியில் புரட்டினார்கள். ஷூஜென் வீட்டில் சுவர்க்கடிகாரத்தையும் திறந்து பார்த்தார்கள். பஞ்சு மட்டும் இருந்தது. பஞ்சு எதற்கு என்று கேட்டதற்கு எண்ணெய் துடைக்க என்றார் போசியன். டமாரம் அடுத்த சந்துக்குப் போனது. முற்றத்தில் யாரும் யாரோடும் பேசாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பாங் வழக்கம்போல வாளியைப் பார்த்துக்கொண்டே போனார்.

வீட்டுக்குள் போசியன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். அவர் திட்டுவார் என்று ஷூஜென் எதிர்பார்த்தாள். அவர், நான் முதல் நாளே ஆத்துல போட்டிருக்கணும் என்று மட்டும் சொன்னார். பதினாலு பேருக்குத் தெரியும், பதினாலு பேருக்குத் தெரியும் என்பதுதான் அவள் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பதினாலு வாயும் எத்தனை நாளைக்கு மூடியிருக்கும்?

பொழுது சாய்ந்ததும் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் எடுத்துக்கொண்டு ஹான் அக்காவின் அறைக்குப் போனாள். ஹான் அக்கா ஜன்னலருகே உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். தலையில் ஒரு பக்கம் நரைமுடி தோள்வரை தொங்கியது, மறுபக்கம் வெறும் தோல். கழுத்தில் பெல்ட்டின் தடம் வீங்கியிருந்தது. ஷூஜென் கிண்ணத்தை வைத்தாள். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

ஹான் அக்கா பசைக் கிண்ணத்தைத் தூக்கி, அதன் அடியிலிருந்து நசுங்கிய துண்டை எடுத்து மேசையில் போட்டாள். கட்டை விழுந்த மாதிரி டொக்கென்றது.

"எடுத்துட்டுப் போயிடு. என் வீட்ல வேண்டாம்."

ஷூஜென் அதைத் தொடவில்லை. அப்போதுதான் ஜன்னலைப் பார்த்தாள். ஹான் அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்து கரிக்குவியல் நன்றாகத் தெரிந்தது.

"நீங்க பார்த்தீங்களா, அக்கா?"

"உன் கை உள்ள போனதையும் பார்த்தேன். வெளிய வந்ததையும் பார்த்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

ஹான் அக்கா ஒரு தீப்பெட்டியை மடித்து முடித்து வைத்தாள்.

"முதல் அடி விழுந்தப்ப சொல்லத்தான் நெனச்சேன். நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. அப்புறம் உன் மூஞ்சியைப் பார்த்தேன். இவ ஒரு அடி தாங்கமாட்டா, ரெண்டாவது அடிக்கு இந்த முத்தத்துல இருக்கற அத்தனை பேர் பேரையும் சொல்லிடுவான்னு தோணுச்சு. பாங் பேர், உன் வீட்டுக்காரர் பேர், என் பேர். அதனால வாயை மூடிக்கிட்டேன். உன் மேல இருந்த பாசம்னு நெனச்சுக்காதே."

நான் அப்படியெல்லாம் சொல்லமாட்டேன் அக்கா என்று சொல்ல ஷூஜென் வாயைத் திறந்தாள். பாலத்து வாசலில் திரும்பியதும், கரிக்குள் நுழைந்த கையும், மூன்று அடிகளையும் பார்த்துக்கொண்டு நின்றதும் கண் முன்னால் வந்து நின்றன. அழுகைதான் வந்தது. அது யாருக்கும் உதவாத அழுகை.

ஹான் அக்கா கத்தரிக்கோலை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"அழுதது போதும். இந்தப் பக்கத்தையும் எடுத்து விடு. பாதித் தலையோட இருந்தா நாளைக்கு வர்ற கூட்டம் எதுக்குன்னு கேக்கும். மொத்தமா இல்லேன்னா பேன் புடிச்சுதுன்னு சொல்லிக்கலாம்."

ஷூஜென் அவள் பின்னால் போய் நின்றாள். முடியைக் கையில் அள்ளினாள். இவ்வளவு மெல்லிசாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. நசுங்கிய துண்டு அவள் சட்டைப் பையில் கனத்துக்கொண்டிருந்தது. எப்போது எடுத்துப் போட்டுக்கொண்டாள் என்றே அவளுக்கு ஞாபகமில்லை. வெட்டத் தொடங்கினாள். நரைமுடி தீப்பெட்டிகளின் மேல் விழுந்தது.

பாதி வெட்டியிருந்தபோது டமாரச் சத்தம் மறுபடி கேட்டது. பக்கத்துச் சந்திலிருந்து வந்தது. கத்தரிக்கோல் நின்றது. இருவரும் மூச்சு விடாமல் காது கொடுத்தார்கள். சத்தம் அவர்கள் சந்து முனைவரை வந்தது, அங்கே கொஞ்ச நேரம் நின்றது, பிறகு வேறு பக்கம் திரும்பியது.

ஹான் அக்கா தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தாள்.

"ம், வெட்டு" என்றாள்.